ஈபிள் கோபுரத்தடியில் நின்ற பெரியக்காவுக்கு

என் பெரியக்கா, கோபித்துக்கொள்ளத் தெரியாத என் அக்கா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முதலில் வீட்டுச் செய்திகள். இங்கே கியூபெக்கில், எங்கள் கர்க்லாண்டில் பனி இன்னும் கரையவில்லை. நீங்கள் கதிரை போட்டு வெயில் காய்ந்த கராஜ் வாசலில் என் இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கிறது. மகள் அனெற் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். டவுன்டவுனில் அறை எடுத்துவிட்டாள். ஞாயிறு பூசைக்கு வராததற்கு மெற்றோவைக் குற்றம் சொல்கிறாள். நான் புவாண்ட்-கிளேரில் அதே கந்தோரில், அதே ஜன்னலோரத்தில் வேலை செய்கிறேன். அத்தானுக்கு எப்போது போன் எடுத்தாலும் நல்ல சுகம் என்கிறார். அதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு செய்தி இருக்கிறது. நீங்கள் பாரிசுக்குப் போய் வந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் ஆட்கள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்தில் நின்று வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பாரிசில் மச்சான் வீட்டில் புட்டு. ஜேர்மனியில் சித்தப்பாவின் மகன் வீட்டில் இடியப்பம். சுவிசில் ஆட்டிறைச்சிக் கறியோடு மறுபடியும் புட்டு. சாப்பிடும்போது ஜன்னலால் ஒரு மலை தெரிந்தால் அது சுற்றுலா. ஒரு வீட்டுக்குப் போனால் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டில் வெறும் தேத்தண்ணி குடித்தால், அடுத்த கலியாணத்துக்கு அந்த வீட்டார் வரமாட்டார்கள். இதையெல்லாம் கேலி செய்து இங்குள்ள பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். நிறையப் பேர் வாசித்துச் சிரித்தார்கள். அதை நம்பி நடந்தவன் நான் ஒருவன்தான்.

சண்டையை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த அந்தக் கோடையில் நீங்களும் அத்தானும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்தீர்கள். உங்களுக்கு ஐரோப்பாவைக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். புட்டை அல்ல, ஐரோப்பாவை. சொந்தக்காரர் ஒருவருக்கும் சொல்லாமல், எங்கள் ஆட்கள் ஏறாத ஒரு சுற்றுலா பஸ்ஸில். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. விடுதலை வாங்கித் தந்தவனைப்போல நடந்துகொண்டேன்.

குசினி மேசையில் நான் வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்.

"பாரிசிலை எங்கடை றெஜினா இருக்கிறாளெல்லே?"

றெஜினாக்கா சின்னம்மாவின் மகள். அவர்கள் வீடு அடுத்த வளவில் இருந்தாலும் அவர் படுத்ததெல்லாம் எங்கள் வீட்டில், உங்கள் பாயில். அவர் பிரான்சுக்குப் போன நாளுக்குப் பிறகு நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இருக்கிறா அக்கா. ஆனா அங்கை போனா அவவின்ரை தமையன்மார் மூண்டு பேற்றை வீட்டையும் போகவேணும். அவையள் ஆளோடை ஆள் கதைக்கிறேல்லை. பேந்து ஜேர்மன்காரருக்குத் தெரியவரும். பேந்து சுவிஸ்."

"ஒரு மணித்தியாலம் போய் இருந்திட்டு வந்தாலென்ன?"

"எங்கடை ஆக்களிட்டை ஒரு மணித்தியாலம் எண்டு ஒண்டு இருக்கோ அக்கா?"

நீங்கள் சிரித்தீர்கள். ஜெயம் சிரிக்கவில்லை. "ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோவன் அப்பா, பாவம்" என்றாள். மனைவி சொன்னதை நான் கேட்காமல் விட்ட தடவைகளில் இதுதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

"சரி தம்பி, நீ சொல்லுறதும் சரிதான்" என்றீர்கள். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

ரோமில் இறங்கினோம். நான் நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தேன். தூண்களைப் பற்றி, வளைவுகளைப் பற்றி, நிறக் கண்ணாடிகளைப் பற்றிப் பேசினேன். வழிகாட்டிப் பெண் ஓய்ந்த இடங்களிலும் நான் ஓயவில்லை. அத்தான் நாலு நாடுகளை நித்திரையில் கடந்தார். ஒவ்வொரு எல்லையிலும் கண் முழித்து, "இதுவும் வெளிநாடுதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திவிட்டு மறுபடி படுத்தார். நீங்கள் ஒவ்வொரு பேராலயத்திலும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினீர்கள். பிறகு என்னிடம் ஒரே கேள்வி: "இதுக்குள்ளை ஞாயிற்றுக்கிழமையிலை எத்தினை பேர் வருகினம்?" எனக்குத் தெரியாது. படித்துக்கொண்டு வந்ததில் அது இல்லை.

காலையில் பஸ் புறப்படும்போது இன்னொரு கேள்வியும் கேட்பீர்கள். "இது பாரிசுக்குக் கிட்டவோ?" ரோமில் கேட்டீர்கள். சுவிசில் ஏரிக்கரையில் கேட்டீர்கள். ஜேர்மனியில் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னமே கேட்டீர்கள். உங்களுக்கு இந்த வயதில் பூகோளத்தில் ஆர்வம் வந்துவிட்டதென்று நினைத்துத் தூரத்தை விளக்கினேன். அக்கா, நான் படித்தவன். எவ்வளவோ வாசித்தவன். இந்த ஒரு கேள்வி எப்படி எனக்குப் பிடிபடாமல் போனது? இல்லை, பிடிபட்டதா?

கடைசியாகப் பாரிஸ். அனெற் தன் கியூபெக் பிரெஞ்சில் ஒரு உணவகத்தில் பேசினாள். அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த அவளை நீங்கள்தான் சமாதானப்படுத்தினீர்கள். "உன்ரை பாஷை அவைக்கு விளங்கேல்லை எண்டா அவைக்குத்தான் நட்டம் பிள்ளை." பின்னேரம் கோபுரத்தடிக்குப் போனோம். நம் முகங்களைக் கண்டு, தண்ணீர்ப் போத்தல் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் கிட்ட வந்தார். நடுத்தர வயது. எங்கள் ஆட்கள் உலகத்தில் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பதையே கேட்டார்.

"அக்கா, எவ்விடம்?"

உங்கள் முகம் மலர்ந்ததை நான் அந்தப் பயணத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். ரோமுக்கும் சுவிசுக்கும் கிடைக்காத முகம். ஊர், பங்குக் கோயில், பாடசாலை என்று வரிசையாகப் போனது பேச்சு. அவர் உங்களுக்கு ஒரு போத்தலைச் சும்மா தந்தார். பிறகு அடுத்த கேள்வி, வராமல் இருக்காத கேள்வி, வந்தது.

"பாரிசிலை சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு கணம்தான். நான் கோபுரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"இல்லைத் தம்பி" என்றீர்கள். "இங்கை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை."

பைபிளில்போல எந்தச் சேவலும் கூவவில்லை. பஸ்காரர்தான் ஹோர்ன் அடித்தார். "மாமி, இஞ்சை பாருங்கோ!" என்று அனெற் படம் எடுத்தாள். படத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள், பின்னால் முழுக் கோபுரமும் நிற்கிறது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சின்னக்குறிப்பிடம் என்னும் வேதப்பாடம் படிப்பித்த ஒரு ஆசிரியை பொய் சொல்லி அரை நிமிடம் ஆகாத முகம் அது. எல்லோரும் நல்ல படம் என்றார்கள்.

நீங்கள் ஊருக்குத் திரும்பினீர்கள். சண்டை தொடங்கிப் பாதை மறுபடி பூட்டுப்பட்டது. நீங்கள் கண்மூடியபோது எங்களில் ஒருவராலும் வரமுடியவில்லை. உங்களுக்கு மண் போடவும் வராத சனம், அதற்குப் பதிலாகச் செய்வதைச் செய்தோம். பங்கில் பூசை ஒப்புக்கொடுத்தோம். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்தோம்.

அட்டைக்கு உங்கள் நல்ல படம் தேடினோம். ஊரில் எடுத்தவை எல்லாம் அடையாள அட்டை முகங்கள். அனெற் எடுத்ததை ரொறன்ரோ அச்சகத்துக்கு அனுப்பினேன். பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு மேகம் போடும்படி சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அச்சடித்த பெட்டிகள் நேரே உலகமெங்கும் உள்ள வீடுகளுக்குப் போய்விட்டன. எங்களுடைய பிரதியை நான் பிரித்தபோது அட்டையில் நீங்கள் இருந்தீர்கள். மேகம் இருந்தது. மேகத்துக்குள் கோபுரமும் இருந்தது.

அச்சகக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"வெட்டச் சொன்னனான் எல்லே?"

"அண்ணை, அதை வெட்டினா அவ வெளிநாடு பாத்தவ எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்? ஆரும் வெட்டச் சொல்லுறேல்லை அண்ணை, வைக்கச் சொல்லித்தான் கேக்கிறவை. அதுதான் விட்டிட்டன்."

அவர் எங்கள் சனத்தை அறிந்தவர். குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் ஜேர்மனி கூப்பிட்டது. "எங்கடை வீட்டுத் தேத்தண்ணி கசக்குமோ அண்ணை?" பிறகு சுவிஸ். பிறகு பாரிசில் ஒருவரோடொருவர் பேசாத மூன்று தமையன்மாரும் தனித்தனியாக. என்னைத் திட்டுவதற்காகத் தங்களுக்குள் ராசியாகிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உங்கள் நினைவு மலர் செய்த ஒரே நன்மை அது. எல்லோருக்கும் பதில் வைத்திருந்தேன், சிரிக்கவும் வைத்தேன். எனக்குத்தான் அது வருமே.

கடைசியாக றெஜினாக்கா எடுத்தார். அவர் திட்டவில்லை.

"தம்பி, அக்கா என்னைக் கேட்டவவோ?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்டா என்று சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா?

"நான் கூப்பிட்டனான் றெஜினாக்கா. அவவுக்குக் கால் உளைவு. அவதான் இன்னொருமுறை பாப்பம் எண்டிட்டா."

உங்களால் மறுக்க முடியாது என்பதை அறிந்துதான் சொன்னேன்.

பிறகு, "ஓ. நடக்க ஏலாமல் இருந்திருக்கும், பாவம்" என்றார். "போன ஞாயிறு பூசை முடிய அக்காவின்ரை நினைவு மலரையும் கொண்டு அந்தக் கோபுரத்தடிக்குப் போனனான் தம்பி. இத்தினை வருசமா இஞ்சை இருக்கிறன், வேலை, வீடு, கோயில். ஒருநாளும் அந்தப் பக்கம் போகேல்லை. அக்கா நிண்ட இடத்திலை ஒருக்கா நிண்டு பாப்பம் எண்டு. படத்தை வைச்சுச் சுத்திச் சுத்திப் பாத்தன். நாலு காலும் ஒரே மாதிரி இருக்கு. அவ எந்தக் காலடியிலை நிண்டவ?"

நினைவில்லை என்றேன். அது மட்டும் உண்மை. நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள், என்னைக் காப்பாற்ற. நானும் ஒன்று சொன்னேன், அதே ஆளைக் காப்பாற்ற. உங்கள் பொய்யால் ஒரு வழிப்போக்கர் மட்டும்தான் ஏமாந்தார். என் பொய்யால், தன்னைப் பார்க்க உங்களுக்கு மனமிருக்கவில்லை என்று ஒருவர் தனியே நினைத்துக்கொண்டு பாரிசில் வேலைக்குப் போய் வருகிறார். இன்றைக்கும் போயிருப்பார்.

அதனால்தான் இந்தக் கடிதம் ஆண்டு நினைவு மலரில் வருகிறது. போன தடவை போன அதே வீடுகளுக்குப் போகும். அட்டையில் அதே படம். கோபுரத்தைத் தொடவேண்டாம் என்று இந்த முறை நானே அச்சகத்தில் சொன்னேன். அவர் மிகவும் சந்தோசப்பட்டார்.

ஆனால் இதைத் தபாலில் பார்த்து றெஜினாக்கா தெரிந்துகொள்ளக் கூடாது. மலர் போய்ச் சேருமுன் நான் போகிறேன். தனியாக. பஸ் இல்லை, வழிகாட்டி இல்லை. அவர் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வா என்று சொல்லுமுன், நீங்கள் எத்தனை காலைகளில் எதைக் கேட்டீர்கள் என்று சொல்வேன். அவர் கதவைச் சாத்தினால் படிக்கட்டில் இருப்பேன். சாத்தாவிட்டால் போட்ட புட்டை எல்லாம் சாப்பிடுவேன். பிறகு தமையன்மார் மூன்று பேர், ஜேர்மனி, சுவிஸ். ஒரு வீட்டையும் விடமாட்டேன், வெறும் தேத்தண்ணியோடு ஒருவரிடமும் தப்பமாட்டேன்.

நாலு காலடியிலும் றெஜினாக்காவோடு நிற்பேன். ஒன்று உங்களுடையதாக இருக்கும்தானே? அங்கே நம்முடையவர் ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்து, பாரிசில் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ என்று கேட்டால், இந்த முறை நான் மேலே பார்க்கமாட்டேன்.

"ஓம் அண்ணை" என்பேன். "இந்தா, என்ரை அக்கா."

நீங்கள் பொய் சொல்லிக் காப்பாற்றிய
உங்கள் தம்பி