முடி வெட்டிய வாரத்துக் கடிதம்

போர்ட்லண்ட், நவம்பர் 9

அன்புள்ள அம்மா,

இல்லை, போன வருஷம் நான் முடியை வெட்டியது நாகரிகத்துக்காக இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த வாரம் மருந்துக்கடையில் எனக்குக் காய்ச்சல் தடுப்பூசியைத் தோளில் ரொம்ப மேலே போட்டுவிட்டார்கள். மறுநாளே கையைத் தூக்க முடியவில்லை. பின்னல் போட முடியாமல்தான் வெட்டினேன். உனக்கு மட்டும் நாகரிகத்துக்காக என்று எழுதினேன்.

இதற்கு அரசாங்கம் இழப்பீடு தருகிறது. ஆனால் ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் வலி தொடங்கியதற்குச் சான்று வேண்டும். நான் டாக்டரிடம் போனதோ மூன்று மாதம் கழித்து.

பின்னல் போட முடியாமல் முடி வெட்டியதைச் சொன்னதும் என் வக்கீல் திருமதி ஹாலரன் கேட்டார்: "அப்போ யார்கிட்டயாவது சொன்னியா?"

"அம்மாவுக்கு எழுதினேன், நல்லா இருக்கேன்னு."

"அடிப்பாவி! எல்லாப் பிள்ளைங்களும் இதே பொய்யைச் சொல்லித்தான் என் கேஸைக் கெடுக்குதுங்க. முடி வெட்டினதையாவது எழுதினியா?"

"எழுதினேன். ஊசி போட்ட மறுநாள்."

"அதை முதல்ல வாங்கு."

அந்தக் கடிதத்தை உறையோடு அனுப்பு; மறுநாளே கை தூக்க முடியாமல் முடி வெட்டினேன் என்பதற்கு உறை மேலுள்ள தபால் முத்திரைத் தேதிதான் சான்று. கூடவே முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை ஒன்று. இன்னும் கையைத் தூக்கித் தலைவழியாக மாட்ட முடியவில்லை. பதறிப்போய் நெப்ராஸ்காவிலிருந்து பஸ் ஏறிவிடாதே. ஏறினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தபால்காரர் வரும் நேரம். இதையும் முதலில் "நான் நலம்" என்றுதான் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன்
லோர்னா