மெட்ராஸ் டாக்டர் சொன்ன செலவு

ஆகஸ்ட் 12, 1964

புற்றுநோய் என்று என் இடது மார்பை எடுத்து ஆறு மாதமாகிறது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டரிடம் இன்று இவர் என்னைக் கூட்டிப்போனார்.

"பழையபடி வெச்சுத் தர முடியுமுங்களா? செலவப் பத்திக் கவலையில்லீங்க," என்றார். எங்கள் மில்லில் விலை பேசுகிற அதே குரல்.

டாக்டர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. என் அடிவயிற்றுச் சதையை அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்து ஒட்ட வேண்டுமாம். மூன்று நான்கு ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை. ஒட்டாமல் அழுகிப் போகவும் கூடுமாம்.

"செஞ்சுபோடலாமுங்க," என்றார் இவர் உடனே. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க, டாக்டர்," என்றேன்.

திரும்பும் வழியில் கார் உக்கடம் தாண்டியது. அப்போது இவர், "உனக்காகத்தான் கேட்டேன் அம்மணி. நீதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டே. இனி என்னையக் குத்தம் சொல்லாதே," என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த நாள் முதல் இவர் மாடியில்தான் படுக்கிறார். ஏனென்று நான் கேட்டதில்லை. இத்தனை நாளும் சத்தம் காட்டாமல் ஏறிப் போவார். இன்று படி அதிர ஏறிப் போனார். குற்றம் இப்போது என்னுடையதாகிவிட்டது.