வலது கண்ணுக்கு இரண்டாவது ஊசி

என்னங்க,

ஆஸ்பத்திரியில் டோக்கன் போட முதல் பஸ்ஸில் திருப்பதி போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வண்டி எடுக்காதீர்கள். ஒன்பது மணிக்கு ஜமீலா அக்கா வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவருவார். வீட்டைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுங்கள்.

"ஒரு ஊசியிலேயே கண்ணு தெளிஞ்சிட்ச்சி, இன்னொண்ணு எதுக்கு?" என்று நேற்று கேட்டீர்கள். ஊசி வீக்கத்தைத்தான் வற்ற வைக்குமாம். ரத்தக்குழாய் அடைப்பு அப்படியேதான் இருக்குமாம். இடையில் விட்டால் பார்வை திரும்ப மங்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

தெளிந்தது நிஜமென்றால் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் வந்து சத்தியம் பண்ணுங்கள் என்று நான் கத்தியது தப்பு. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

ஷோபா

சுகர் மாத்திரையை மறக்காதீர்கள்.

சத்தியமெல்லாம் வேண்டாம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இந்தச் சீட்டைப் படித்துப் பாருங்கள். எழுத்து கலங்கினால் ஆட்டோவில் ஏறிவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறேன்.