அம்மா கார்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமா இருக்கேன். நாளெல்லாம் டாக்ஸி ஓட்டுறியே, உன் முதுகுவலி எப்படி இருக்கு? "பரவாயில்லை"ன்னு மட்டும் பதில் போடாதே.

நேத்து ஆபீஸில் ஒரு கூத்து. பெட்ரோல் கார், பேட்டரி கார் ரெண்டும் செய்யறதிலிருந்து உடைக்கிற வரைக்கும் எவ்வளவு புகைக்குக் காரணம்னு நான் போட்ட கணக்கை எல்லார் முன்னாடியும் சொன்னேன். பதற்றத்தில் "பெட்ரோல் கார்"னு சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் "எங்கம்மா கார்"னு சொல்லிட்டேன். ஒரே சிரிப்பு. இப்ப மேலாளரே அப்படித்தான் சொல்றார்.

"பேட்டரி செய்யும்போது மட்டும் புகை வராதா?"ன்னு என்னை மடக்குவியே, அதைத்தான் முதல்ல சொன்னேன். செய்யும்போது பேட்டரி காருக்குத்தான் புகை அதிகம். ஆனா ஓட்ட ஓட்ட, கரண்டு தயாரிக்கிற புகையைச் சேர்த்தாலும், மொத்தப் புகையில் உன் பெட்ரோல் கார்தான் மிஞ்சிடுது. "அப்ப உங்கம்மா காரை என்ன பண்றது?"ன்னு ஒருத்தர் கேட்டார். "நாள் முழுக்க ஓடுற வண்டி, முதல்ல மாத்த வேண்டியதே அதுதான்"னேன். கை தட்டினாங்கம்மா! கோவிச்சுக்காதே. உன் காருக்காகக்கூட உன் பொண்ணு கணக்கை வளைக்கலை.

கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி அனுப்பு. இன்னொண்ணு. இங்க தெருவில் முக்கால்வாசி பேட்டரி கார்தான், சத்தமே இல்லாம வர்றதே தெரியலை. காரை மாத்துறதுக்கு முன்னாடி, சவாரி முடிஞ்சு நீ வாசலில் வந்து நிறுத்துற சத்தத்தை போனில் பதிவு பண்ணி அனுப்பு. வண்டியை அணைச்சதும் பதிவை நிறுத்திடாதே. உள்ளே வந்து "சாப்பிட்டியா"ன்னு கேட்பியே, அதுவரைக்கும் வேணும்.

பஸ் வந்துடுச்சு.

உன் மகள்