என் நடையில் நடக்கிற கடைக்காரி

என் அன்புக் கள்ளனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அப்பாவின் இருமலும் நலம், கொஞ்சமும் இளைக்கவில்லை. உன் நலத்தை நீயாகச் சொல்வதாகத் தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். முன்பெல்லாம் போன் எடுத்தால், மீட்டிங் இருக்கும்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். இப்போது ஆபீஸ் நேரத்தில் நீயே கூப்பிட்டு, மாடிவீட்டுக்காரியோடு எனக்கு நடந்த குழாய்ச் சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் என்னாச்சும்மா என்கிறாய். வேலையில் இருக்கிற பிள்ளை எவனாவது அதைக் கேட்பானா? அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. உன் அக்காவைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன், கக்கிவிட்டாள். உங்கள் கேம் கம்பெனியில் மறுசீரமைப்பாம், பாதிப் பேரை அனுப்பிவிட்டார்களாம், அதில் நீயும் ஒருத்தனாம். அப்பாவுக்குக்கூடத் தெரியுமாம், எனக்கு மட்டும் பிரஷர் ஏறிவிடுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்கள்! மறுசீரமைப்பு எனக்குத் தெரியாதா? உன் அப்பா துணி அலமாரியைக் கழற்றி மாட்டிவிட்டு, மிச்சமிருந்த திருகாணிகளைத் தேவையில்லை என்று வீசினார், மறுநாள் கதவு என் கையோடு வந்தது. உன் கம்பெனியிலும் யாரோ அவரைப் போல ஒருத்தர் இருக்கிறார் போலிருக்கிறது.

சமையலறையில் நின்று அழுதேன், பொய் சொல்வானேன். நீ மறைத்ததற்கு இல்லை, அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாயோ இல்லையோ என்றுதான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீ வேலை பார்த்த விளையாட்டை டிவியில் போடச் சொல்லி நானே ஆடிப் பார்த்தேன். அதில் என் குதிரை என் பேச்சைக் கேட்காமல் ஆற்றில் இறங்கியது, அது போகட்டும். சந்தையில் ஒரு விளக்குக்கடைக்காரி வந்தாள் பார், இடுப்பில் ஒரு கை, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, நடுவில் நின்று ஒரு முறைப்பு. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். விளையாட்டில் வரும் ஆட்களை நடக்கவைப்பதுதான் உன் வேலை என்று தெரியும், ஆனால் போன தடவை வந்தபோது செல்போனில் படம் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே அலைந்தது இதற்குத்தானாடா படவா? முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நான் நேராக நடக்கிறேன், அவள்தான் பாவம், இன்னும் நொண்டுகிறாள்.

அங்கேயே இருந்து வேறு வேலை தேடு, அலுத்தால் கிளம்பி வந்துவிடு, உன் கட்டிலில் அடுக்கியிருந்த பழைய சாமானை எல்லாம் அப்பாவை எடுக்கச் சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, தாடியை எடு. தினமும் கூப்பிடு, மீட்டிங் நடுவில் வந்தேன் என்று மட்டும் அளக்காதே, குழாய்ச் சண்டை இன்னும் முடியவில்லை. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். உன்னை அனுப்பியவர்களால் என்னை அனுப்ப முடியவில்லை பார், அவர்கள் சந்தையிலேயே இடுப்பில் கைவைத்து அவர்களை முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் வேலையில் இருக்கும்
உன் அம்மா