ஓரத்தில் நின்றவளைப் பற்றி நீ சொன்னது

அக்கா,

சாயங்காலம் அப்பாவின் முழங்காலுக்கு அம்மா நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வரைக்கும் வாசனை வந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு கபடி ஆட்டம் முடிந்ததும் பைப் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து, என் காலை உன் மடிமேல் இழுத்துப் போட்டுத் தேய்த்துவிடுவாயே, அதே தைலம். நான் வலியில் கத்தினால், "மெதுவாக் கத்து புள்ள, டிரைவரண்ணன் டயர் வெடிச்சிருச்சுன்னு வண்டிய ஓரங்கட்டிருவாரு" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன்.

வாசனைக்காக நின்றவள் அவர்கள் பேசியதையும் கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. ஆடி மாதம் மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய். இருந்தாலும் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தறிகள் ஓடுகின்றன. நூல் அறுந்து ஒரு தறி நின்றாலும் பேனாவை வைத்துவிடுகிறேன். முடிச்சுப் போட அப்பா எழுந்து வந்தால் இந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாளைக்கு மாமன் வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறார்கள். தை மாதம் கல்யாணம் வைத்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத நான் இருக்க மாட்டேன். இந்த நேரத்தில் நான் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்தால் அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை. அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வந்தால் அதுதான் காரணம்.

போன வருஷம் வைகாசி மாதம் நினைவிருக்கிறதா? போர் போடும் ரிக் லாரி வைத்திருக்கிற திருச்செங்கோட்டு முதலாளி ஆம்பளைகளுக்கு மட்டும் வைத்திருந்த கபடி டீமில் பெண்களையும் சேர்க்கப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. ஆடுவதற்குக் கையில் காசு கொடுப்பார், சோறு போடுவார், கோயில் நோம்பிக்குத் தன் பைப் லாரியில் ஊர் ஊராகக் கூட்டிப்போவார். வருடக் கடைசியில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கியெடுத்து, சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வீடு பிடித்துத் தங்கவைத்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார். அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் நான் வந்தேன். முதலாளி அப்பாவுக்குப் பங்காளி முறை என்பதால் அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும் என் டவுசரைத் துவைத்துக் கொடியில் போடாமல், வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் காயப்போட்டாள்.

நீ கேப்டன். என்னைவிட இரண்டு வகுப்பு முன்னால் படித்து, படிப்பை நிறுத்தியவள். முதல் நாள் நான் உன்னை "வாங்க, போங்க" என்று கூப்பிட்டேன். நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாய்.

"கோட்டுக்குள்ள நின்னுட்டு 'அக்கா, பின்னால பாருங்க'ன்னு நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ தொட்டுட்டு அவ ஊட்டுக்கே போயிருவா. 'பாரு'ன்னு சொல்லு, போதும். மருவாதியெல்லாம் கோட்டுக்கு வெளிய வெச்சுக்க."

அன்றிலிருந்து கோட்டுக்குள் நீ எனக்கு "நீ". இப்போது வெளியில் நின்றும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை கொடுக்க எனக்கு இன்று மனசில்லை.

என்னை ஓரத்தில் நிறுத்தினாய். எனக்கு அடுத்து நீ. ஏழு பேரும் கைகோத்து வளைந்து நிற்போம். கபடி பாடி வருகிறவள் உள்ளே வந்ததும், ஓரத்தில் நிற்கிற நான் சுற்றி ஓடி, அவளுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் போய் நின்றுவிட வேண்டும். திரும்பிப் போக வழியில்லை என்றதும் அவள் தடுமாறி மறுபக்கம் திரும்புவாள். அங்கே நீ இருப்பாய். இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிடுவாய். கூட்டம் விசிலடிக்கும். மைக்கில் உன் பேரைச் சொல்வார்கள். சில சமயம் அவள் என்மேல் மோதி, என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டில் விழுந்துவிடுவாள். அப்போது நான் அவுட். மைக்கில் என் பேரும் வரும், அவுட்டானவள் என்று.

நான் ஒருத்தியைக்கூடத் தனியாகப் பிடித்ததாக எழுதப்பட்டதில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்ததும் இல்லை. உனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான்.

பவானிப் பக்கத்தில் ஒரு நோம்பிக்கு ஆடியபோது எதிர் டீமில் நெடுநெடுவென்று ஒருத்தி வந்தாளே, மில்லில் வேலை செய்கிறவள். முதல் பாதியில் நம்மை வாரி எடுத்துவிட்டாள். இரண்டாம் பாதியில் அவள் உள்ளே வந்தபோதெல்லாம் நான் முன்னால் போய் நின்றேன். என் தோளில் இடித்தாள், முழங்கையால் நெஞ்சில் குத்தினாள். நான் நகரவில்லை. திரும்பியவளை நீ பிடித்தாய். மறுபடியும் வந்தாள், மறுபடியும் நீ பிடித்தாய். ஆட்டம் முடிந்து குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே அவள் உன்னிடம் என்ன சொன்னாள்?

"அந்தக் கடைசியில நிக்குதே ஒரு குருவிக் குஞ்சு, அத அடுத்த தடவை ஊட்டுலயே உட்டுட்டு வா. அது இல்லைன்னா உன்ற கை என்னை எங்க புடிச்சிருக்கும்?"

நீ கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாய். லாரியில் வரும்போது, "அவ சொன்னது நெசந்தான் புள்ள. நீ ஓட்டி உடற, நான் அள்ளிக்கறேன்" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த ஆட்டத்தில் பிசகிய கணுக்காலோடு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் தெரியும்.

இந்த வருஷம் சித்திரையில் முதலாளி நம்மையெல்லாம் லாரி ஷெட்டுக்கு வரச் சொன்னார். அடுக்கிவைத்த பைப்புகள்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, ஆடிய விதத்தைச் சொல்லி, நீ இரு, நீ போ என்றார். என் முறை வந்தது. ஒரே ஓர் இடம்தான் பாக்கி.

"ஏஞ்சாமி, வருசம் பூரா உனக்குச் சோறு போட்டிருக்கறேன். நீ புடிச்சது ஒண்ணுமே காணமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போரு போட்டா தண்ணி வரோணும். வெறும் புழுதியாப் பறந்தா தோட்டத்துக்காரன் எனக்குக் காசு குடுப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரண்ணன், "சில போருல ரெண்டு நாள் கழிச்சுத் தண்ணி வருமுங்க முதலாளி" என்றார். அதற்கும் சிரிப்பு. முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உன்னிடம் திரும்பினார்.

"கேப்டன், நீ சொல்லு. பக்கத்துல கைகோத்து நின்னவ நீதான். இவள வெச்சுக்கலாமா, வேண்டாமா?"

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த ஷெட்டில் என்னைப் பற்றி நிஜம் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்டுவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. பைப்பில் ஒட்டியிருந்த கிரீஸை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாய்:

"வேண்டாமுங்க. அவளுக்குப் பயமுங்க. சும்மா ஓடுவா, ஆனா கை வைக்க மாட்டா. அடுத்த வருசத்துக்கெல்லாம் ஆக மாட்டாளுங்க."

முதலாளி தலையாட்டினார். அடுத்தவளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். என் முதல் வருஷம் அத்தோடு முடிந்தது.

ஊருக்குத் திரும்பிய குமாரபாளையம் பஸ்ஸில் நீ முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாய். நான் கடைசியில் நின்றுகொண்டு வந்தேன். இறங்கும்போது, "வாரேன் புள்ள" என்றாய். நீ சேலத்துக்குப் போனாய். ஆனியில் கண்ணெல்லாம் மஞ்சளாகித் திரும்பி வந்தாய். உன்னைப் பார்க்க வந்தேன். தூங்குகிறாய் என்று உன் அம்மா சொன்னார்கள். மறுபடியும் வந்தேன். அன்றைக்கு உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

இத்தனை நாளும் எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? நீ நினைத்ததைத்தான் சொல்லியிருப்பாய் என்று. லாரியில் சொன்னது சும்மா என்னைத் தேற்றச் சொன்னது, ஷெட்டில் சொன்னதுதான் நிஜம் என்று. எனக்குப் பயம்தான் போலிருக்கிறது, கூட நின்றவளுக்குத் தெரியாதா என்று. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் கூப்பிட்டபோதும் போகவில்லை. மாமன் வீட்டுப் பேச்சு வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. பயந்தவள் என்ன பேசுவாள்?

இன்று சாயங்காலம் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் மட்டும் அந்தக் கேப்டன் புள்ளைகிட்டப் போய்ப் பேசலைன்னா இவ இன்னேரம் சேலத்துல இருப்பா. என்ற தம்பிக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பதில் சொல்றது?"

"என்னன்னு பேசினே?"

"எத்தன நாள் என்ற கையில சோறு தின்னிருக்கறே, எனக்கு ஒரு வார்த்தை உதவி பண்ண மாட்டியான்னு கேட்டேனுங்க. முதலாளி கேட்டா வேண்டாம்னு சொல்லிப்போடுன்னேன். மொதல்ல ஒத்துக்கலை. என்ன பேச்சுப் பேசினா தெரியுங்களா? 'வழிய மறிச்சு நிக்கறதுல அவளாட்ட ஒருத்தி இந்தச் சில்லாவுலயே இல்லீங்கம்மா. எனக்கு வர்ற கைதட்டுல பாதி அவளுது. எப்படிப் பொய் சொல்றது?'ன்னா. நான் உடலை. அழுதுபோட்டு, சரின்னுட்டா."

"நல்ல புள்ள. பாவம், இப்படிப் போய்ச் சேந்துட்டா" என்றார் அப்பா. "கொஞ்சம் மேல தேய்."

சோறு குழைந்துவிட்டது. அதற்கும் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அக்கா, நீ பசியோடு வந்தபோது அம்மா சோறு போட்டாள். உன் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போன மாதங்களில் நம் இரண்டு பேருக்கும் ஒரே வட்டிலில்தான் சாப்பாடு. உன்னால் அவளிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போனது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சோற்றுக்கு என்னையா எடுத்துக் கொடுப்பாய்? அம்மா கேட்டாள் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் முதலாளியின் காலில் விழுந்தாவது கேட்டிருப்பேன். அதுகூட வேண்டாம். "வேண்டாமுங்க" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் என்று ஏன் சொன்னாய்? பிசகிய காலோடு நான் நின்றது தெரிந்த வாயால் எப்படிச் சொன்னாய்? நிஜத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டு, பொய்யை என் முன்னால் சொன்னாய். அம்மாவுக்கு அந்த நிஜம் தேவையே இல்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அம்மாமேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அம்மா முதலிலிருந்தே எதிர்ப்பக்கம் நின்றவள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

நாளைக்கு வெற்றிலைத் தட்டை எடுப்பதற்கு முன், பெரியவர் ஒருவர், "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்பார். எல்லா வீட்டிலும் கேட்பார்கள். எந்தப் பெண்ணும் பதில் சொல்வதில்லை. குனிந்த தலையைப் பார்த்து, "அதுக்குச் சம்மதமுங்க" என்று யாராவது ஒரு அத்தை சொல்லிவிடுவாள். தட்டு கைமாறிவிடும்.

நான் சொல்லப் போகிறேன். "பரீட்சை எழுதோணுமுங்க, எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்க" என்று, உள்ளே அடுப்படியில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. அப்பா அடிப்பார். எத்தனை அடி என்று தெரியாது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு விடுவார்களா என்பதும் தெரியாது. நீ சித்திரையில் சொன்னது அன்றைக்குப் பொய். இன்றைக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

நீ எனக்குக் கொடுத்தது இரண்டு பேச்சு. ஷெட்டில் சொன்னதை ஆறு மாதம் சுமந்து நடந்தேன், அதை நம்பியே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னது இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. உன்னை மன்னிக்க முடியவில்லை, அக்கா. என்றைக்காவது முடியுமா என்றும் தெரியவில்லை. ஆனால் நாளைக்கு அத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. அந்த இரண்டாவது பேச்சை வைத்துக்கொண்டுதான் நிற்கப் போகிறேன்.