நாகலாபுரத்து ஏற்றம்

திருமுல்லைவாயில்
12-6-1972

அன்புள்ள சம்பத் அண்ணனுக்கு,

தாட்சாயிணி எழுதுவது. பொங்கலுக்கு நீங்கள் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வரலட்சுமி அண்ணிக்குக் கால்வலி தேவலையா? பிலாய் வெயிலை நினைத்தாலே எனக்கு இங்கே நாக்கு வறள்கிறது. இங்கும் அம்பத்தூர் ஏரி தரை தெரியக் கிடக்கிறது.

ஒரு செய்தி. நான் சைக்கிள் கற்றுக்கொண்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். நாத்தனார் கஸ்தூரிக்கு ஆவடியில் வேலை கிடைத்து, போய்வர லேடீஸ் சைக்கிள் வாங்கினாள். "கீழ பாக்காதீங்க அண்ணி, தூரத்துல பாருங்க, வண்டி தானா போவும்" என்று கத்திக்கொண்டு அவளே பின்னால் ஓடிவந்து பழக்கிவிட்டாள். முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு. தெருவில் பேச்சுக்குக் குறைவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. மச்சாண்டார் போன வாரம் வந்திருந்தார். "ஆறு வருசம் ஆவுதும்மா. தம்பி இனிமே வருவான்னு யாரு சொல்ல முடியும்? ஆடி அமாவாசைக்குத் தர்ப்பையில உரு செஞ்சி காரியத்த முடிச்சுடலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அண்ணா, பிச்சாட்டூர் அணைக்கரையில் அவர் சைக்கிள் கிடைத்தது, அவ்வளவுதானே? வலை போட்டு அலசியும் ஆள் கிடைக்கவில்லை. யாரும் பார்க்காத உடம்புக்காகப் புல்லைக் கொளுத்த எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. விளக்கேற்றிய பிறகு, வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கிறது. தினமும் இல்லை. கேட்கிற அன்று நானும் கஸ்தூரியும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குகிறோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலையைப் பார்க்கிறோம்.

நீங்களும் உங்கள் நண்பரான என் வீட்டுக்காரரும் ஞாயிறு தவறாமல் சைக்கிளில் மலைக்குப் போனவர்கள். உங்களுக்கு அம்மை போட்டிருந்த அந்த ஒரு ஞாயிறுதான் அவர் தனியாகப் போனார். அந்த வழியை எனக்கு எழுதுங்கள். அமாவாசைக்கு முன் நான் அதில் போய்வர வேண்டும்.

தங்கை,
தாட்சாயிணி

*

பிலாய்
22-6-1972

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்குக் கால் பரவாயில்லை. நீ சைக்கிள் விடுவதைக் கேட்டு அவள் கைதட்டினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வேண்டாம் அம்மா. அந்த வழியை நான் எழுத மாட்டேன். ஏரிக்கரை எதிர்க்காற்றும் காட்டுச் சாலையின் இறக்கமும் பழகியவனையே சோதிக்கும். ராஜசேகரனைப் போல் ஓட்டியவனை நான் பார்த்ததில்லை. ஏற்றத்தில் சீட்டை விட்டு எழாமல், மூச்சு வாங்காமல் ஏறிப் போவான், மேலே நின்று, "இன்னா மச்சான், தூங்கிட்டு வர்றியா?" என்பான். அவனையே அந்தச் சாலை வைத்துக்கொண்டது.

அவன் போன பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. இந்த வேலை கிடைத்ததும் ஊரை விட்டு ஓடிவந்தது அதனால்தான். இங்கே மலை இல்லை, ஏரி இல்லை. ஆனாலும் ஷிப்டு முடிந்து நடந்து வரும்போது, என்னை முந்திப் போக வழி கேட்டு யாரோ பின்னால் மெதுவாக வருகிற மாதிரி இருக்கும். ஒதுங்கி வழிவிடுவேன். யாரும் வர மாட்டார்கள்.

உன் மச்சாண்டார் ஜானகிராமன் அண்ணன் சொல்வதைக் கேள். காரியத்தை முடித்துவிடு.

உன் அண்ணன்,
சம்பத்

*

திருமுல்லைவாயில்
3-7-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்து மடித்து வைத்துவிட்டு, நேற்று கஸ்தூரியோடு பூண்டிக்குப் போய்வந்தேன். கோபம் வந்தால் எனக்குக் கால் வேகமாகப் போகும் போலிருக்கிறது.

திருவள்ளூர் வரை கஸ்தூரியின் சைக்கிளையும் எனக்கு வாடகைக்கு எடுத்த ஒன்றையும் ரயிலில் போட்டுக்கொண்டு போனோம். அங்கிருந்து மிதித்தோம். ஏரிக்கரை மேல் ஏறியதும் காற்று புடவையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. கஸ்தூரி, "போதும் அண்ணி, திரும்பிடலாம். இதுக்கே எனக்கு உசுரு போவுது" என்றாள். தண்ணீர் நடுவில் மட்டும் பளபளவென்று கிடந்தது. அக்கரையில் நீலமாக உங்கள் மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை விட்டுவிட்டு அவர் எதற்குப் போனார் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் கோபம்கூட எனக்குள் இருந்திருக்கிறது பாருங்கள்.

கரை முடியும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் கேட்டார்: "இன்னாமா, முன்னாடி ஒருத்தர் சைக்கிள்ல போனாரே, அவரு கூட வந்தவங்களா?"

யார் என்றேன்.

"வெள்ளச் சட்டை. நிக்கச் சொன்னேன், நிக்காம ஊத்துக்கோட்டை பக்கமா போயிட்டாரு."

பால்காரராக இருக்கும். யாராகவும் இருக்கும். ஆனால் அந்த ஞாயிறு அவர் போட்டுப் போனதும் வெள்ளைச் சட்டைதான். கஸ்தூரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி ஊருக்குக் கூட்டிவந்தேன்.

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். வழி தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போவது நல்லதில்லையா? அண்ணியிடம் கேளுங்கள், அவர் என் பக்கம்தான் பேசுவார்.

தாட்சாயிணி

*

பிலாய்
11-7-1972

அன்புத் தங்கைக்கு,

அண்ணி உன் பக்கம்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சரி, எழுதுகிறேன்.

பூண்டியில் கரை மேல் காலையிலேயே போய்விடு. வெயில் ஏறினால் காற்றும் ஏறும். ஊத்துக்கோட்டைக்குள் நுழைந்ததும் சாலை இரண்டாகப் பிரியும். வலது கை சத்தியவேடு. நீ இடது கை சுருட்டப்பள்ளி சாலையைப் பிடி. அங்கிருந்து ஆறு கூடவே வரும், மலையும் கிட்டே வந்துகொண்டே இருக்கும். நாகலாபுரம் தாண்டினால் பிச்சாட்டூர் போகும் சாலையை விட்டு வலப்பக்கம் ஒரு காட்டுச் சாலை ஏறும். செம்மண்ணும் சரளையும். அங்கேதான் எங்கள் ஞாயிறுகள் எல்லாம் கிடக்கின்றன. மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளு, அதில் வெட்கமில்லை. மேலே ஏறி நின்றால் அணைத் தண்ணீர் மொத்தமும் தெரியும்.

இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே. இரண்டையும் விட்டு விட்டுப் பிடி. மழை வந்தால் ஏறவே ஏறாதே. அவன் தனியாகப் போன அன்று அங்கே மழை பெய்ததாகப் பிறகு சொன்னார்கள்.

தனியாகப் போகாதே. திரும்பிய மறுநாளே எழுது. தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

சம்பத்

*

திருமுல்லைவாயில்
25-7-1972

அன்புள்ள சம்பத் அண்ணனுக்கு,

போய்வந்துவிட்டேன். பத்திரமாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி ஊத்துக்கோட்டையில் கஸ்தூரியோடு வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டில் தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். நாகலாபுரத்தில் கஸ்தூரியின் டயர் வெடித்துவிட்டது. அவளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் காட்டுச் சாலையில் ஏறினேன். நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

கொஞ்சம் மிதித்து, நிறையத் தள்ளி ஏறினேன். எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் போனது. நான் ஒரு திருப்பத்துக்கு வரும்போது அது அடுத்த திருப்பத்தில் மறையும். வெள்ளையாகச் சட்டையின் முதுகு மட்டும் தெரியும். சீட்டை விட்டு எழாமல் ஏறியது அண்ணா. கூப்பிட வாயெடுத்தேன். என்னவென்று கூப்பிடுவது? எங்கள் வீட்டில் நான் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "ஏங்க" என்றே கத்தினேன். ஒரு பெரிய புளியமரத்துத் திருப்பத்தில் அது மறைந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அதற்கப்பால் நேர்ச் சாலை. வெறும் சாலை.

மரத்தடியில் ஒரு அம்மாள் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் பொன்னியம்மா. சைக்கிளில் வந்த பெண்ணைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப இப்படி ஒருத்தர் போனாரா?" என்று கேட்டேன்.

அவள் என் தாலியைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். "யாரையும் காணமேம்மா. யாரத் தேடிகினு வந்தே?" என்றாள். சொன்னேன். அவள் கையூன்றி எழுந்தாள். பிறகு மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கல் சுற்றிப் போட்ட ஒரு மண்மேடு. மேலே ஒரு அகல்.

"இந்தச் சரிவுல வியுந்து கெடந்தாரும்மா. நல்ல மய பெஞ்சிது. நானும் எங்க ஊட்டுக்காரரும் கட்டைக்கு வந்தவங்க. மடியில தூக்கி வெச்சி வாயில தண்ணி ஊத்தினேன். ரெண்டு வாய் குடிச்சாரு. பேரு இன்னா, எந்த ஊருன்னு கேட்டேன். சொல்லத்தான் பாத்தாரு, வரல. அப்படியே போயிட்டாரு."

அவர்கள் திருட்டுத்தனமாகக் கட்டை வெட்டுகிறவர்கள். போலீசுக்குச் சொன்னால் தங்கள் மேல் பழி விழும் என்று பயந்து அங்கேயே புதைத்துவிட்டார்கள். கூட வந்த ஒருவன் சைக்கிளை எடுத்துப்போய், நாலு நாளில் போலீஸ் விசாரிக்கிறது என்று கேள்விப்பட்டதும் அணைக்கரையில் சாத்திவிட்டு ஓடிவிட்டான். நாம் தண்ணீரில் தேடினோம். அவர் மலையில் இருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்னவோ. அவர் தண்ணீர் குடித்தாரா என்று மட்டும் மறுபடி மறுபடி கேட்டேன். அவளும் சலிக்காமல், "குடிச்சாரும்மா, குடிச்சாரு" என்றாள். கட்டைக்கு வரும்போதெல்லாம் அகலில் எண்ணெய் ஊற்றுவாளாம். யாரோ பெற்ற பிள்ளை என்று, போன வருஷம் தன் புருஷன் சின்னசாமி செத்தபோது அவனோடு சேர்த்து இவருக்கும் அழுதாளாம்.

மச்சாண்டாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மண்மேட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார். தர்ப்பை உரு வேண்டாம். ஆடி அமாவாசைக்கு அங்கேயே போய்ச் செய்கிறோம். நீங்கள் வர வேண்டும் அண்ணா. லீவு இல்லை என்று எழுதாதீர்கள்.

கிளம்பும்போது பொன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேரு தெரியாம வெளக்கு வெச்சிகினு கீறேன். உம் புருசன் பேரச் சொல்லிட்டுப் போம்மா" என்றாள்.

என் வாயால் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடக் கஸ்தூரியைத்தான் சொல்லவைப்பேன். மண்மேட்டின் பக்கத்தில் நின்று, "ராஜசேகரன்" என்றேன். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சாலையைத் திரும்பிப் பார்த்தேன் அண்ணா, யாராவது "என்ன?" என்று கேட்பார்களோ என்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தங்கை,
தாட்சாயிணி